பரணில் கிடக்கும் பாட்டுகளை ஆல்பமாக்குவது எப்படி?

கும்பகோணத்தில் நான் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள், நாங்கள் அதை ஒரு சிக்ஸ்டியிலோ நைன்டியிலோ, அதாவது அறுபது அல்லது தொண்ணூறு நிமிடக் கேசட்டில், அடக்கிப் பதிந்து கொடுப்போம். அந்தத் தொழில் போய்விட்டது, கேசட் ஓட்டும் டெக்குகள் மட்டும் கடையிலேயே தங்கிவிட்டன. இப்போது சோறு போடுவது ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். நடுநடுவே தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கத்து ராக் பேண்டுக்காரர்கள் பை நிறையக் கேசட்டும் சிடியும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, ஆல்பத்துல வராத பழைய பாட்டையெல்லாம் சேர்த்து ஒண்ணு போடணும்" என்பார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

இது வெளிநாட்டில் பழைய வழக்கம். ஏழு அங்குல சிங்கிள் தட்டில் ஏ பக்கம் ரேடியோவுக்கான பாட்டு, பி பக்கம் பேண்டின் இஷ்டம். பல பேண்டுகள் பி பக்கத்தில்தான் கை போன போக்கில் வாசித்தன. அந்தப் பாட்டுகள், டெமோ எனும் ஒத்திகைப் பதிவுகள், யாருக்கும் கிடைக்காமல் போன முதல் பதிவுகள் எல்லாவற்றையும் பிறகு ஒரே ஆல்பமாகக் கட்டி வெளியிடுவார்கள். எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு கிடார் தம்பி போட்டுக்காட்டிய, பேவ்மென்ட் என்ற அமெரிக்க பேண்டின் 'வெஸ்டிங்'. 1993இல் வந்தது. 1989 முதல் 1991 வரை வெளியான மூன்று இ.பி.க்களும் (ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடு) சில சிங்கிள் பாட்டுகளும் அதில் இருக்கின்றன. ஒரே இரைச்சல், நடுவில் அழகான மெட்டு. அந்த பேண்டின் ஊரான ஸ்டாக்டன், கலிபோர்னியாவில் சான் வாக்கின் ஆற்று டெல்டாவில் இருக்கிற விவசாய ஊராம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த பேண்ட் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

நம் டெல்டாவில் எந்த ராக் பேண்டும் சிங்கிள் தட்டு அடித்து நான் பார்த்ததில்லை. நம் சரக்கு வேறு: ஹாஸ்டல் அறையில் டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) வைத்துப் பதிந்த கேசட், காலேஜ் கல்ச்சுரலில் சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்சரிலிருந்து எடுத்துக் கொடுத்த சிடி, கல்யாண வீட்டுக் கச்சேரியின் வீடியோ, நோக்கியா போனின் மெமரி கார்டு. தொகுப்பதற்கு இது போதும்.

முதலில் வீடு வீடாகப் போங்கள்

எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்ற பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். முதல் வேலை, இருப்பதையெல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பது. பேண்டை விட்டுப் போனவர்களிடம்தான் அதிகம் இருக்கும். அவர்கள் கோபித்துக்கொண்டு போனவர்களாக இருந்தால், பழைய சண்டைக்கு அப்பாற்பட்ட ஆளை, உதாரணமாக அந்தக் காலத்தில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்த அம்மாவை, முன்னால் விட்டுப் பேசுங்கள். டிரம்மரின் தங்கை கல்யாண வீடியோவையும் விடாதீர்கள். நாதஸ்வரமும் மேளமும் முடிந்த பிறகு பையன்கள் மேடையேறி வாசித்தது அதில் இருக்கக்கூடும்.

பழைய போன் பதிவுகள் பெரும்பாலும் ஏ.எம்.ஆர். ஃபைலாக இருக்கும். அது பேச்சுக்காகச் செய்யப்பட்ட முறை, நொடிக்கு 8,000 மாதிரிதான் எடுக்கும். பேஸ் கிடாரும் சிம்பலும் அதில் கிட்டத்தட்ட இருக்காது. இருந்தாலும் எடுத்து வையுங்கள், ஒரு பாட்டு பிறந்த நாளின் பதிவு வேறு எங்கும் கிடைக்காமல் போகலாம். பழைய கம்ப்யூட்டரின் அகலக் கேபிள் ஹார்ட் டிஸ்க் என்றால், அதை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது. எழுதும் சிடிக்களின் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கிவிடும். அதனால் கேசட்டுக்கு முன்னால் சிடியைக் காப்பி எடுங்கள். கேசட் கெட்டுப்போனால் சத்தம் மங்கும். சிடி கெட்டுப்போனால் டிரைவ் திறக்கவே மறுக்கும்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, வந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுங்கள். யாருடையது, எங்கே பதிந்தது, யார் யார் வாசித்தது, எந்த மெஷின், எந்த வருஷம். கடைசிக் கேள்வியில்தான் எல்லோரும் முழிப்பார்கள். "2000த்துல இருக்கும், இல்ல 2006ஆ?" என்பார்கள். எங்கள் பக்கத்தில் வருஷத்தைக் கேட்கக்கூடாது, நடந்ததைக் கேட்க வேண்டும். மகாமகத்துக்கு முன்னாலா பின்னாலா? 2004 மார்ச்சிலும் 2016 பிப்ரவரியிலும் மகாமகம் வந்தது. சுனாமிக்கு அடுத்த பொங்கலா? அப்படியானால் 2005. நாள் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்த காலமா? 2012ஐ ஒட்டி இருக்கும். கஜா புயலில் தென்னை சாய்வதற்கு முன்னாலா? அது 2018 நவம்பர். இப்படி நாலு முளை அடித்துவிட்டால் நடுவில் இருப்பதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். ஃபைலின் தேதியை மட்டும் நம்ப வேண்டாம், காப்பி எடுத்த அன்றைய தேதி அதில் ஏறியிருக்கலாம்.

கேசட்டை ஓடவிடுவதற்கு முன்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அந்த மழை ஈரத்தில் காகிதமே நமுத்துப் போகும். தை முதல் பங்குனி வரை வைத்துக்கொள்ளுங்கள். காய வைக்கிறேன் என்று கேசட்டை மொட்டை மாடி வெயிலில் பரப்பினால் கூடு வளைந்துவிடும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் போட்டு வைத்தால் போதும்.

கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாக டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடியோ நூலோ தெரிந்தால் பூஞ்சை. டெல்டாவில் இதுதான் பெரிய எதிரி. பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போட்டால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதற்கென்று ஒரு பழைய டெக் ஒதுக்கி, மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணியில் டேப்பை ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்து, டேப்புக்குப் பின்னால் ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டைப் பாருங்கள். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லையென்றால் டேப் ஹெட்டில் சரியாக அழுந்தாது, சத்தம் வந்து வந்து போகும். ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, இரண்டு சுருளையும் வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். அறுந்த டேப்பை செல்லோ டேப்பால் ஒட்டவே கூடாது. அந்தப் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். ஸ்ப்ளைசிங் டேப் என்று தனியாக இருக்கிறது. மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள், கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பதியாது. பிறகு ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றித் தளர்த்திவிட்டுத்தான் பிளே அமுக்க வேண்டும்.

டெக்கில் பார்க்க வேண்டியது

ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்த்த பட்ஸால் துடையுங்கள், காய விடுங்கள். பெல்ட் இறுகியிருந்தாலோ தளர்ந்திருந்தாலோ மாற்றுங்கள். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலரும் கோட்டை விடுவது அசிமுத்தில், அதாவது ஹெட்டின் கோணத்தில்.

ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அது ஹெட் நிற்கும் கோணத்தை மாற்றும். பதிந்த மெஷினின் கோணம் ஒன்று, உங்கள் டெக்கின் கோணம் இன்னொன்று என்றால் மேல் ஸ்வரமெல்லாம் போர்வை போர்த்தினதுபோல அமுங்கிவிடும். நிறையப் பேர் "கேசட் போயிடுச்சு" என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். கேசட் நன்றாகவே இருக்கும், கோணம்தான் வேறு. டெக்கிலிருந்து வருவதை மோனோவில், அதாவது இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்து, கேளுங்கள். டிரம்ஸின் ஹை-ஹாட் (காலால் மிதிக்கும் ஜோடித் தட்டு) நன்றாகக் கேட்கும் இடத்தில் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். எங்கே ஹை-ஹாட் பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். மோனோ எதற்கென்றால், கோணம் தவறாக இருக்கும்போது இடதும் வலதும் நேரம் பிசகி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் ஸ்க்ரூ இருந்த நிலையை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேகம் அடுத்த பிரச்சினை. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பேட்டரி இறங்கிய டூ-இன்-ஒன்னில் பதிந்திருந்தால் நம் டெக்கில் போடும்போது பாடகர் குழந்தைக் குரலில் பாடுவார். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கிடாரை நம்பாதீர்கள், டியூனர் இல்லாத காலத்தில் அவரவர் காதுக்கு டியூன் செய்திருப்பார்கள். பதிவில் காசியோ கீபோர்டு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் டியூனிங்கைத் திருகியிருக்காவிட்டால் அதன் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்தான். கீபோர்டு இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரின் "ம்ம்ம்" என்ற ஹம் உதவும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஹம் 50இலும் 100இலும் இருக்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓடிய கச்சேரிக்கு இந்தக் கணக்கு செல்லாது. கிரிட் கரண்டும் அந்தக் காலத்தில் 49 பக்கம் இறங்கும், அதனால் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேண்ட் யாரிடமோ இரவல் வாங்கிய நாலு டிராக் போர்ட்டாஸ்டூடியோவில் (வாத்தியங்களைத் தனித்தனியாகக் கேசட்டில் பதியும் மெஷின்) பதிந்திருந்தால், அந்தக் கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டதும் பயந்துவிடாதீர்கள். அதில் நாலு டிராக்கும் ஒரே திசையில் ஓடும். அதனால் பக்கத்தைத் திருப்பினால் மீதி இரண்டு டிராக் தலைகீழாகக் கேட்கும். பல மாடல்கள் இரட்டை வேகத்தில் பதிந்தவை. அதே மாதிரி மெஷினைத் தேடிப் பிடிப்பதுதான் சரி. கிடைக்கவே இல்லையென்றால் இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒன்றைத் திருப்பிப் போட்டு, வேகத்தைச் சரி செய்து ஒட்டலாம். பொறுமை வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது எளிது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியின் லைன் இன்னில் டெக்கைச் செருகுங்கள். பதியும் மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜிபி பிடிக்கும். இடம் இல்லையென்றால் 48 கிலோஹெர்ட்ஸ் போதும், அதில் பாதிதான். சத்தத்தின் உச்சம் மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பாதி ஹம் அங்கேயே போய்விடும். முக்கியமாக, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே வேவ் ஃபைலாக எடுங்கள். பாட்டுக்கு முன்னால் "ஒன் டூ த்ரீ"யும், முடிந்ததும் யாரோ சிரிப்பதும், பக்கத்து வீட்டு அக்கா "கொஞ்சம் மெதுவா வாசிங்கப்பா" என்பதும் பிற்பாடு தங்கம். வெட்டுவதை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். காப்பி மூன்று வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஆற்றங்கரையில் வாழ்கிறோம், சும்மா சொல்லவில்லை.

எதைச் சேர்ப்பது

இனிமேல்தான் சண்டை. எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று ஒரு கட்சி, நன்றாக இருப்பதை மட்டும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. இந்த பேண்ட் எப்படி இந்த பேண்டாக ஆனது என்பது காதில் விழ வேண்டும், அதற்கு உதவும் பாட்டு உள்ளே வரட்டும். தப்பும் தவறுமாக வாசித்திருந்தாலும், பின்னால் உங்கள் அடையாளமாகிப்போன அந்த கிடார் நடை முதன்முதலில் தலைகாட்டும் பாட்டு வேண்டும். சுத்தமாக வாசித்த பாட்டு, ஆனால் அப்போதைய ஏதோ ஒரு வெளிநாட்டு பேண்டின் அச்சு என்றால், வெளியில் இருக்கட்டும். அப்படி ஒன்றை மட்டும் வேண்டுமானால் வைக்கலாம், யாரைப் பார்த்துக் கற்றீர்கள் என்று தெரிவதற்கு. ஆல்பத்தில் ஏற்கனவே வந்த பாட்டின் டெமோ, வேகமோ வரிகளோ உண்மையிலேயே மாறியிருந்தால்தான் வர வேண்டும்.

நீளம் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். ஆன்லைனில் இடத்துக்குப் பஞ்சமில்லை, கேட்பவரின் பொறுமைக்கு உண்டு. சிடியே இல்லாமல் வெளியிட்டாலும் இரண்டு பக்கமாகப் பிரித்தே யோசியுங்கள். ரெக்கார்டிங் சென்டரில் நான் கற்றது இது: பக்கத்தின் முதல் பாட்டு ஆளை உட்கார வைக்க வேண்டும், மூன்றாவது பாட்டில் வேகத்தை மாற்ற வேண்டும், பக்கம் முடியும் பாட்டு நீளமாக இருந்தால் தப்பில்லை. காலவரிசைப்படியே அடுக்கலாமா? 'வெஸ்டிங்'கில் இ.பி.க்கள் வந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறார்கள், கேட்கக் கேட்க பேண்ட் வளர்வது தெரிகிறது. ஆனால் உங்களிடம் இருப்பதில் மிகப் பழையது போன் பதிவு என்றால் அதைக் கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். கேட்பவர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று எழுந்து போய்விடுவார்.

கேசட் பாட்டும் கம்ப்யூட்டர் பாட்டும் அடுத்தடுத்து வரும்போது நடுவில் முழு மௌனம் விட்டால் உறுத்தும். கேசட்டின் "ஸ்ஸ்" என்ற இரைச்சலைப் பாட்டு முடிந்த பின்னும் இரண்டு மூன்று நொடி ஓடவிட்டு, மெல்ல இறக்கி, அடுத்த பாட்டுக்குள் விடுங்கள்.

எவ்வளவு சுத்தம் செய்வது

குறைவாக. "அண்ணே, ஆட்டோ டியூன் போட்டு சரி பண்ணிடலாமா?" என்று, சுருதியைத் திருத்தும் மென்பொருளைக் கேட்டவர்களும் உண்டு. அந்தப் பையன் 2005இல் அப்படித்தான் பாடினான், இருக்கட்டும் என்றேன். இரைச்சலை நீக்கும் மென்பொருளில் ஆறு டெசிபல் அளவுக்குக் குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் சிம்பலெல்லாம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் கொழகொழவென்று ஆகிவிடும். ஹம் தொந்தரவு என்றால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் மட்டும் குறுகலாக வெட்டுங்கள், மொத்த பேஸையும் குறைக்காதீர்கள். புதிதாகக் கிடாரோ குரலோ சேர்த்துப் பதிவது என் கட்சியில் கிடையாது. செய்தே தீருவோம் என்றால் ஆல்பத்தோடு வரும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சத்த அளவைக் குரலை வைத்துச் சமன் செய்யுங்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் கொண்டுவந்துவிடும். ஆகவே மீட்டர் சிவக்கும்வரை ஏற்றி நசுக்குவதால் ஒரு லாபமும் இல்லை. பின்னணியில் கோயில் மணி, மாட்டு வண்டி, மின்விசிறி கேட்டால் விடுங்கள். கல்யாண மண்டபக் குழாய் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு தெளிவாகக் கேட்டால் மட்டும் யோசியுங்கள். யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைப் பிடித்து உங்கள் பாட்டின் மேல் உரிமை கோர வாய்ப்புண்டு.

குறிப்பும் உரிமையும்

இந்த மாதிரி ஆல்பத்தின் மதிப்பில் பாதி அதன் குறிப்பில் இருக்கிறது. ஆர்.இ.எம். என்ற அமெரிக்க பேண்ட் 1987இல் போட்ட 'டெட் லெட்டர் ஆபீஸ்' தொகுப்பில் கிடாரிஸ்ட் பீட்டர் பக் பாட்டுக்குப் பாட்டு எழுதியிருப்பார், தங்களையே கிண்டல் செய்துகொண்டு. அந்தத் தொனி பிடியுங்கள். எந்த வீட்டு மாடி, எந்த மெஷின், ஏன் ஆல்பத்தில் வரவில்லை என்று நாலு வரி. "எங்கள் இசைப் பயணத்தின் தொடக்கம்" போன்ற வாக்கியங்களை அரசியல் பேனருக்கு விட்டுவிடலாம். விட்டுப்போனவர்களின் பெயரை விடாதீர்கள், குறிப்பாக டிரம்மர்களை. நிர்வாணா என்ற அமெரிக்க பேண்டின் 1992 தொகுப்பான 'இன்செஸ்டிசைட்'டில் நான்கு டிரம்மர்கள் இருக்கிறார்கள். உங்கள் பேண்டிலும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

வெளியிடுவதற்கு முன் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்தவருக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. ஹாஸ்டல் அறையில் அந்த முன்னின்றவர் யார் என்று இப்போது விவாதித்தால் விடியாது. ஒரு பக்கத் தாளில் "இந்தப் பாட்டு, இன்னார் இன்னார், வருவதில் இவ்வளவு இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்து போட்டுவிடுங்கள். பெரிய பணம் வரப்போவதில்லை, அதனால்தான் இப்போதே எழுதிக்கொள்வது சுலபம். அடுத்தவர் பாட்டை வாசித்த பதிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் சேர்க்க வேண்டாம்.

வெளியிடுவதில் சொல்ல அதிகமில்லை. பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் நீங்களே ஏற்றலாம், மற்ற தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வேண்டும். கையில் பிடிக்க ஏதாவது வேண்டுமென்று ஆசைப்பட்டால் கொஞ்சம் கேசட்டோ சிடியோ போடுங்கள். அட்டையைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலேயே அடிக்கலாம். நல்ல கனமான அட்டை வைத்திருப்பார்கள், முகூர்த்த மாதத்தில் மட்டும் போகாதீர்கள். திட்டிவிடுவார்கள்.

வேலை முடிந்ததும் மூலக் கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் இதைவிட நல்ல டெக் கிடைக்கலாம். ஒரு முனைக்கு முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிற்க வைத்து, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி, ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தள்ளி வையுங்கள். நோட்டில் போட்ட எண் உறையிலும் இருக்கட்டும். இரவல் வாங்கியதை அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கூடவே ஆல்பத்தின் ஒரு காப்பியும்.